மூலமில்லை அண்ணே, மூலக்கூறு

"ராசு அண்ணன் தவறிவிட்டார். இன்று வேன் வராது" என்று நம் பள்ளி வேன் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. அந்த வாரம்தான் பின்சீட்டிலிருந்து ஆடு போலக் கத்தியிருந்தேன். பழி தீர்க்கிறார் என்று சந்தேகப்பட்டு, "எந்த ஸ்டாப்பில் தவறினார்?" என்று பதில் போட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

வேப்பந்தட்டையிலிருந்து பெரம்பலூர் வரை அவர் ஓட்டிய வேனில் வந்த உங்களுக்குத் தெரியும், அண்ணன் எதையும் நம்பமாட்டார். அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டிய காலத்துப் பழக்கம். டீசல் முள்ளை நம்பாமல் டேங்கில் குச்சி விட்டுப் பார்ப்பார். அந்த ஆட்டுச் சத்தத்துக்கும் வேனை ஓரங்கட்டி, சீட்டுக்குச் சீட்டு குனிந்து தேடினார். கடைசியில் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "கதிரு, ஆடு இறங்கிருச்சா, இன்னும் உக்காந்திருக்கா?"

அண்ணனுக்கு மூச்சு வாங்குகிறது என்று அக்கா, அவர் மனைவி, திருச்சிக்கு அழைத்துப் போனார். மறுநாள் வேனில் ஒரே கொதிப்பு. "நெஞ்சக் காட்டப் போனா, மூலத்துல என்னமோ கூறாம், படம் எடுக்கணும்ங்கறாரு டாக்டரு. எனக்கு எங்கடா மூலம்?"

"மூலமில்லண்ணே, மூலக்கூறு" என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். டாக்டர் சொன்னது மூலக்கூறுப் படம். துளி கதிர்வீச்சு மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். ரத்தக் குழாயின் சுவர் எங்கே புண்ணாகிறதோ அங்கே போய் ஒட்டும். படத்தில் அந்த இடம் ஒளிரும். அடைப்பு முற்றுவதற்கு முன்பே தெரிய வாய்ப்புண்டு.

"ஆடு கத்துனவன்தானே நீ?"

"சத்தியமாண்ணே!"

"ஊசி கதிர்வீச்சு, சொல்றவன் கதிரு. நல்ல கூட்டணிடா. எனக்கு இது வெறும் கேஸு."

"வயித்துக் கேஸா, போலீஸ் கேஸாண்ணே?"

வண்டியே குலுங்கச் சிரித்தார். படம் மட்டும் எடுக்கவில்லை.

அந்த வாரமே மாரடைப்பு. துக்கத்துக்குப் போனபோது அக்கா சொன்னார்: "டயரு, டீசலு, டாக்டரு, எல்லாத்தையும் சந்தேகப்பட்ட மனுசன், அவரு நெஞ்ச மட்டும் நம்பிட்டாரே தம்பி."

படம் எடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். சொன்னாலும் அண்ணன் நம்பமாட்டார்.

நேற்று சாப்பிட்டு எழுந்த அப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டார். "ஒண்ணுமில்லடா, கேஸு. ஒரு சோடா வாங்கியா."

சோடா வாங்கப் போகவில்லை. அவருடைய செருப்பை எடுத்து வாசலில் வைத்தேன்.

"என்னடா, விளையாடறியா?"

கண்ணாடியில் அண்ணன் பார்ப்பாரே ஒரு பார்வை, அதையே பார்த்தேன். "இல்லப்பா, சந்தேகப்படறேன். கிளம்புங்க, டாக்டர்கிட்ட போவோம்."

முணுமுணுத்துக்கொண்டே அப்பா செருப்பை மாட்டினார். அந்தப் பார்வையை நான் வைத்துக்கொள்கிறேன், அண்ணே. ஆடு இறங்கிருச்சு.