காய்ந்த தட்டும் விவேக் நகர் கூட்டமும்

பெங்களூரு ஓசூர் ரோட்டில் எட்டுக்குப் பத்து தகரக் கொட்டகையில் இட்லி சுட்டு ஆரம்பித்தவன் நான். இன்று பொம்மனஹள்ளியில் எனக்கு மூன்று மாடிக் கட்டடம் இருக்கிறது. கீழே மெஸ், மேலே நாற்பத்தெட்டுப் பேர் தங்கும் அறைகள். தண்ணீரே வராது என்று எல்லோரும் சொன்ன இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். லைசென்ஸ் கிடையாது என்ற ஆபீசில் ஏழு மாதம் பெஞ்சைத் தேய்த்து அதையும் வாங்கினேன். படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. கன்னட எழுத்தை பஸ் போர்டு பார்த்துப் படித்தேன். எவனும் கை கொடுக்கவில்லை.

இதையெல்லாம் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் கட்டிய இன்னொன்றை, போன புதன்கிழமை விவேக் நகரில், என் கண்ணெதிரே வேறு பெயரில் காட்டினார்கள். இளம் வயதுப் பிள்ளைகள் தற்கொலை செய்துகொள்ளாமல் தடுக்க அரசாங்கம் நடத்துகிற திட்டத்தின் கூட்டம் அது. இந்த ரோட்டில் மெஸ்ஸும் விடுதியும் நடத்துகிற தமிழர்கள் அத்தனை பேருக்கும் அழைப்பு வந்தது. போனது நான் ஒருவன். போகாதவர்களுக்காக எழுதுகிறேன்.

காலை 8.20. பொம்மனஹள்ளி நிறுத்தம். என்னோடு இரண்டு பேர். ஒருத்தி ரேகா. அந்தத் திட்டத்தின் சம்பளத்தில் செவ்வாய், வெள்ளி மாலைகளில் என் மெஸ்ஸுக்கு வந்து பிள்ளைகளிடம் பேசுகிற மனநல ஆலோசகர். கன்னடக்காரி, தமிழ் தண்ணீர் பட்ட பாடு. இன்னொருவன் என் விடுதிப் பையன், இருபத்து மூன்று வயது, மாலில் செக்யூரிட்டி வேலை. பெயர் எழுத மாட்டேன். என் மெஸ்ஸில் அவன் தட்டு நம்பர் முப்பத்தொன்று, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுகோடிக்கு டிக்கெட் எங்கள் இருவருக்கும் தலைக்கு இருபத்து மூன்று ரூபாய். பெண்களுக்கு அரசு பஸ்ஸில் காசு கிடையாது, ரேகாவுக்கு இலவசம். "பார்த்தீங்களா அங்கிள், கவர்மென்ட்டு எனக்கு மட்டும்தான் மரியாதை குடுக்குது" என்று டிக்கெட்டை ஆட்டிக் காட்டினாள். அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அடுத்த மாதத்திலிருந்து மெஸ்களுக்கு நேரில் வருகிற வேலையை நிறுத்தப் போகிறார்கள் என்று அவளுக்குக் காற்றுவாக்கில் தெரிந்திருந்தது. அதைத் தடுக்கத்தான் போனோம்.

சில்க் போர்டில் பஸ் இருபத்தைந்து நிமிடம் நின்றது. தலைக்கு மேலே மெட்ரோ இரண்டு முறை போய்விட்டது. அந்த நேரத்தில் தட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் மெஸ்ஸில் ஒவ்வொருவருக்கும் நம்பர் குத்திய எவர்சில்வர் தட்டு உண்டு. சாப்பிட்டுவிட்டு அவரவர் கழுவி, சுவரில் அவரவர் ஆணியில் மாட்ட வேண்டும். தட்டு மாறிச் சண்டை வந்ததால் செய்த ஏற்பாடு. பந்தி முடிந்து சுவரைப் பார்த்தால் சாப்பிட்டவன் தட்டு சொட்டும், சாப்பிடாதவன் தட்டு காய்ந்திருக்கும். இரண்டு வேளை சேர்ந்தாற்போல் காய்ந்தால் நான் மாடி ஏறிக் கதவைத் தட்டுவேன். காய்ச்சல், காதல், வேலை போனது, எல்லாம் அப்படித்தான் எனக்குத் தெரிய வரும். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் முப்பத்தொன்று இரண்டாவது வேளையாகக் காய்ந்திருந்தது. போய்த் தட்டினேன். திறந்தவன் முகமே சரியில்லை. கதவைத் தட்ட எனக்குத் தெரியும். தட்டிய பிறகு என்ன கேட்பது என்று தெரியாது. அவனைக் கீழே கூட்டிவந்து ரசம் சாதம் போட்டு, ரேகா வரும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவள் வந்து நேராகக் கேட்டாள்: "செத்துப் போயிடலாம்னு தோணுதா தம்பி?" இப்படியா பச்சையாகக் கேட்பது? அவனோ ஆமாம் என்றான். பிறகுதான் அழவே ஆரம்பித்தான். கேட்பதால் அந்த எண்ணம் வராது, ஏற்கெனவே இருப்பதை இறக்கி வைக்க இடம் கிடைக்கும் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கும் அவளே கூட்டிப் போனாள்.

ரேகா முதன்முதலாக மெஸ்ஸுக்கு வந்த நாளையும் சொல்ல வேண்டும். "கவுன்சிலர் மேடம் வராங்க" என்று நான் அறிவித்துவிட்டேன். வார்டு கவுன்சிலர் என்று நினைத்து, பயல்கள் வரிசையில் நின்று சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, காவேரித் தண்ணீர் எல்லாவற்றையும் கொட்டினார்கள். அவள் மறுக்காமல் எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம் சாக்கடை அள்ள ஆள் வந்தது! அதற்கப்புறம்தான் சொந்தக் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

பஸ் நகர்ந்தது. பையன் மெதுவாகக் கேட்டான். "பெரியப்பா, நானும் அங்க பேசணுமா?"

"தோணுனா பேசு. இல்லன்னா போண்டா துன்னுட்டு வா."

"பலவந்தம் ஒண்ணும் இல்ல தம்பி" என்றாள் ரேகா.

9.35. அடுகோடி. ஆட்டோக்காரர் விவேக் நகர்த் தமிழர்.

"நூறு குடு பெருசு."

"மூணு கிலோமீட்டருக்கு நூறா? ஆட்டோவையே விலைக்குக் கேக்கலய்யா."

எழுபதுக்கு இறங்கினார். என்ன கூட்டம் என்று கேட்டார், சொன்னேன். சர்ச் இருக்கிற தெரு வந்தது. சர்ச்சுக்குக் கூட்டம் வருகிற வியாழக்கிழமை மறுநாள்தான், மெழுகுவர்த்திக் கடைகள் ஈயோட்டிக்கொண்டிருந்தன. இறங்கும்போது ரேகாவைப் பார்த்து, "எங்க ஸ்டாண்டுக்கும் ஒரு தபா வாம்மா. ரெண்டு பசங்க சரியில்ல. எங்களுக்குக் கேக்கத் தெரியல" என்றார். ரேகா நம்பர் வாங்கிக்கொண்டாள்.

10.05. மண்டபம். வாசல் மேசையில் எல்லோருக்கும் பெயர் அட்டை இருந்தது, எனக்கு இல்லை. "எந்த ஆர்கனைசேஷன்?" என்றாள் ஒரு பெண். "பொம்மனஹள்ளி" என்றேன். வெறும் அட்டையைக் கொடுத்தாள்.

10.40. திட்ட அதிகாரி திரையில் படம் காட்டினார். என் சுவர்! என் ஆணி, என் தட்டுகள், ஓரத்தில் என் முழங்கை. மேலே இங்கிலீஷில் ஒரு பெயர், கீழே ஏதோ வெளியூர் நிறுவனத்தின் முத்திரை. அவர்கள் கண்டுபிடித்த வழியாம். என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "உள்ளூர்ப் பங்குதாரர்" என்று இரண்டு சொல். அதோடு விட்டாரா? ஆட்கள் நேரில் போவது இனி இல்லை, பதிலாக போனில் ஒரு ஆப், அது தினமும் தமிழிலேயே கேள்வி கேட்கும் என்றார். கேள்வியையும் காட்டினார்: "நீங்கள் பாதுகாப்பாக உணர்கிறீர்களா?"

நான் எழுந்துவிட்டேன். ரேகா சட்டையை இழுத்தாள். "ஸ்வல்ப, கொஞ்சம் மெதுவா, அங்கிள்."

"என்ன மெதுவா? சார், என் விடுதியில பாதிப்பேரு செக்யூரிட்டி. பாதுகாப்பான்னு கேட்டா, டூட்டியில எல்லாம் ஓகேன்னு அமுக்கிட்டுப் போவான். ஒருத்தன் வாட்ச்மேன் வேலைக்கு ஆளெடுக்கறாங்கன்னு நெனச்சுக்குவான்!"

மண்டபம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதிகாரிக்குத் தமிழ் நன்றாகவே வந்தது. "ஐயா, உங்க ஒரு மெஸ் மட்டும் இல்ல. ஆயிரம் இடத்துக்குப் போகணும். ஆளுக்கு எங்க போறது?"

"ஆள் இல்லன்னா ஆணியை எதுக்கு போட்டோ புடிச்சீங்க? தட்டு காஞ்சிருக்குன்னு தட்டா வந்து சொல்லும்? பார்த்தவன் மாடி ஏறணும் சார். ஏறினவனுக்குக் கேக்கத் தெரிஞ்ச ஆள் ஒண்ணு வரணும்."

அவர் மணி பார்த்தார். அப்போது என் பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. பையன் எழுந்து நின்றான். மைக் வாங்கவில்லை.

"சார், அன்னிக்கு நான் போனை ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னான். உட்கார்ந்துவிட்டான். யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி திரையைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். ரேகா அவன் முதுகில் கை வைத்திருந்தாள்.

12.15க்குத் தீர்மானம் எழுதினார்கள். நேரில் வருவது மூன்று மாதம் தொடரும். பிறகு மறுபடி யோசிப்பார்கள். ஆட்டோ ஸ்டாண்டைப் பற்றியும் சொன்னேன், சேர்த்துக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் அதிகாரியை மடக்கினேன். அந்தப் படத்தோடு திட்டத்தைப் பற்றி ஒரு புத்தகம் அச்சுக்குப் போகிறதாம், அதில் என் பெயர் போட இடமில்லையாம். "பேர் முக்கியமா ஐயா, காரியம்தானே முக்கியம்?" என்றார். அவர் பெயர் மட்டும் முதல் பக்கத்தில் இருக்கிறது.

மாலை 3.10. திரும்பும் பஸ்ஸில் பையன் ஜன்னலோரம் தூங்கிவிட்டான். அவனைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். மூன்று மாதம் கழித்து அந்த மண்டபத்தில் மறுபடி கூடுவார்கள். ரேகாவை நிறுத்தலாமா என்று பேசுவார்கள். அப்போது உள்ளூர்ப் பங்குதாரரை யார் கூப்பிடுவார்கள்? வாசலில் மறுபடி எந்த ஆர்கனைசேஷன் என்பார்கள். பெயர் அச்சில் இருக்கிறவனைத்தான் கேட்காமல் முடிவெடுக்க முடியாது.

ஆகவே அந்தத் துறையில் இருப்பவர்களை இதையே மனுவாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். படத்தின் கீழே உள்ள முத்திரையை எடுங்கள். தமிழிலும் கன்னடத்திலும் இப்படிப் போடுங்கள்: சுவரைப் பார்த்து மாடி ஏறியவர் கோ. முனிராஜ், மெஸ்காரர், பொம்மனஹள்ளி. என்ன கேட்பது என்று தெரிந்தவர் ரேகா. பையன் பெயர் வேண்டாம். அது அவன் சொத்து. என் பெயர் வேண்டும், எழுத்துப் பிழை இல்லாமல்.