இரவல் ஃபீல்டர்

மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் அவளுக்கு ‘மூட்டை’ என்று பெயர். ஆள் என்னவோ ஒல்லிதான். வார்டுகளிலிருந்து வரும் அழுக்கு விரிப்புகளை மூட்டை கட்டி, கூடத்தின் அந்தக் கோடியில் நிற்கும் தள்ளுவண்டிக்குள் நின்ற இடத்திலிருந்தே எறிவாள். அதனால் வந்த பெயர். மற்றவர்கள் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். இவளுக்கு நடக்கப் பொறுமை கிடையாது. “கீழ விழுந்தா யாரு பொறுக்குறது?” என்று மேற்பார்வையாளர் ஒருமுறை கேட்டார். “விழுந்தா அப்போ கேளுங்க,” என்றாள். அவருக்கு இன்னும் கேட்க வாய்க்கவில்லை.

இப்படி ஒரு வாயை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படிப் பிழைக்கிறாள் என்று தோன்றலாம். கையை வைத்துத்தான் பிழைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கை கிரிக்கெட் ஆடும். அவள் மட்டை பிடித்தால் எதிரணிக்குக் கொண்டாட்டம், பந்து வீசினால் அதைவிடக் கொண்டாட்டம். ஆனால் அவள் ஃபீல்டிங் நிற்கும் திசையில் பந்தைத் தட்டிவிட்டு ஓட ஒருவருக்கும் துணிவு வராது. ஃபீல்டிங்குக்காக மட்டும் யாரையும் தேசிய அணியில் எடுப்பதில்லை. வயதும் முப்பத்து நான்கு ஆகிவிட்டது. ஆனாலும் அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. சலவைக் கூடத்து ஆவியில் வேகாமல் மைதானத்தில் வேலை பார்த்துச் சம்பாதிக்க வேண்டும். அதை அவள் யாரிடமும் கேட்டதில்லை. மறுக்கத் தெரிந்த அளவுக்கு அவளுக்குக் கேட்கத் தெரியாது.

சின்னக் கிளப் ஆட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஃபீல்டிங் செய்யும் அணிக்கு ஆள் குறைந்தால், மட்டை பிடிக்கும் அணி, வெளியே சும்மா உட்கார்ந்திருக்கும் தன் ஆள் ஒருவரை இரவல் கொடுக்கும். இரவல் போகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஓட வேண்டும், ஆனால் ரொம்ப ஓடக் கூடாது. தன் அணிக்காரர் அடித்த பந்து உயரக் கிளம்பி வந்தால், அந்த நேரம் பார்த்து வெயிலில் கண் கூசிவிட வேண்டும்.

மூட்டைக்குக் கல்யாணமான புதிதில் அப்படி ஓர் ஆட்டம். கிளப்பின் தலைவி வேறு யாருமில்லை, நாத்தனார்தான். தம்பி பெண்டாட்டியை எதிரணிக்கு இரவல் கொடுத்துவிட்டு நிம்மதியாக மட்டை பிடித்தாள். ஒரு பந்தை ஓங்கி அடித்தாள். மூட்டைக்குக் கண் கூசவில்லை. அதன்பிறகு மூன்று மாதம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாத்தனார் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. “உன் பொண்டாட்டிகிட்ட உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு,” என்று தம்பி வழியாகத்தான் சாப்பாட்டு மேசையில் உப்புகூட நகர்ந்தது. பேருந்து ஓட்டிவிட்டு வருகிற மனுஷன், வீட்டில் தூது ஓடியே இளைத்துப் போனான். மூட்டை இறங்கி வரவில்லை. “அங்க நிக்கச் சொன்னீங்க, நின்னேன். நின்ன பக்கத்துக்குத்தானே பிடிக்கணும்?” என்றதோடு சரி. பின்னால் இருவரும் பேசிக்கொண்டார்கள். அந்தக் கேட்சைப் பற்றி மட்டும் பேச்சே எழவில்லை.

அதற்குப் பல வருடம் கழித்து, அவர்கள் நகரத்து மைதானத்தில் பெண்களுக்கான சர்வதேசப் போட்டி நடந்தது. நான்கு நாள் ஆட்டம். சொந்த நாட்டில் ஆடிய உள்ளூர் அணியில் மாற்று ஆட்டக்காரர்கள் இரண்டு பேரும் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். யாரோ மூட்டையின் பேரைச் சொல்ல, அணி மேலாளர் ஆள் அனுப்பினார். தண்ணீர் தூக்கவும், தேவைப்பட்டால் ஃபீல்டிங் நிற்கவும்.

மூன்றாம் நாள் மாலை தேவைப்பட்டது. உள்ளூர் அணியின் வேகப்பந்து வீச்சாளர் ஓர் ஓவரை முடித்ததும் காலைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வெளியே வந்தாள். மூட்டைதான் அவளுக்கு நாற்காலி போட்டாள். உட்கார்ந்தவள் ஈரக் காலுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, காலை எதிர் நாற்காலியில் நீட்டி, வாழைப்பழத்தை உரித்தாள். “காலுக்கு என்ன?” என்று மூட்டை கேட்டாள். “ஒண்ணுமில்ல, களைப்பு. போங்க போங்க,” என்றாள். மூட்டை உள்ளே போனாள்.

எதிரணித் தலைவி அப்போது மட்டை பிடித்து உள்ளூர்க்காரர்களின் கண்ணில் விரலை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஒரு ரன்னுக்குப் புறப்பட்டாள். ஓரத்திலிருந்து பாய்ந்து வந்த ஒல்லி மனுஷி எடுத்த வேகத்திலேயே எறிந்தாள். ஸ்டம்ப் சிதறியது. வெளியேறும்போது எதிரணித் தலைவி உள்ளூர் அணியின் மாடியை அண்ணாந்து பார்த்து, “களைச்ச ஆளை உட்கார வெச்சுட்டு, எறியத் தெரிஞ்ச ஆளை இறக்குறீங்க. இதுக்குப் பேரு ஆட்டமா?” என்று கத்தினாள். அடிபட்டவருக்குப் பதிலாகத்தான் மாற்று ஆளை இறக்கலாம், களைத்தவருக்கு இல்லை என்பது விதி. அன்று மாலையே புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை, ஆட்டம் தொடங்குமுன் விசாரணை. பந்து வீச்சாளரை வெளியே பக்கத்திலிருந்து பார்த்த ஒரே ஆள் மூட்டைதான்.

காலையில் மேலாளர் அவளைப் படிக்கட்டுக்குக் கீழே ஓரங்கட்டினார். குரலில் தேன் ஒழுகியது.

“இங்க பாரும்மா, பெரிய விஷயமில்ல. அந்தப் பொண்ணு காலைக் கீழ ஊனவே முடியாம துடிச்சான்னு சொல்லு, போதும்.”

“துடிக்கல சார். வாழைப்பழம் சாப்பிட்டா.”

“அடுத்த மாசம் அணி வெளியூர் போகுது. ஃபீல்டிங் பயிற்சிக்கு ஒரு ஆள் வேணும். உன் பேரைத்தான் நினைச்சு வெச்சிருக்கேன். மாசச் சம்பளம்.”

இத்தனை வருடம் கேட்காமல் வைத்திருந்தது தானாக வந்து வாசலில் நிற்கிறது. ஒரு பொய், அதுவும் சின்னப் பொய். அந்த வேலை வேண்டும் என்று அவளுக்கு உடம்பெல்லாம் ஆசையாக இருந்தது. ஆசை பெரிதாகப் பெரிதாகக் கோபமும் பெரிதாயிற்று. என் தலையிலா மிளகாய் அரைக்கப் பார்க்கிறாய் என்று நினைத்துக்கொண்டாள்.

“நான் நல்லா எறியறேன்னு வேலை குடுங்க, வரேன். பொய் சொல்றதுக்குன்னா ஆள் நான் இல்ல.”

விசாரணை அறையில் அவள் உட்காரக்கூட இல்லை. பார்த்ததைச் சொன்னாள்: நாற்காலி, காலுறை, பழம். உள்ளூர் அணித் தலைவியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எதிரணித் தலைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூட்டை அவள் பக்கம் திரும்பினாள்.

“நீங்க ரொம்பச் சந்தோஷப்பட வேணாம். நடுவர்கிட்ட கேட்டுட்டுத்தான் உள்ள வந்தேன். என் எறியில ஒரு குத்தமும் இல்ல. நீங்க மெதுவா ஓடுனீங்க, அவுட் ஆனீங்க.”

ரன் அவுட் ரன் அவுட்தான் என்று தீர்ப்பாயிற்று. உள்ளூர் அணித் தலைவிக்கு எச்சரிக்கை. வாசலில் மேலாளர், “சாயங்காலம் வரைக்கும் தண்ணி தூக்கு. அதோட சரி,” என்றார்.

கடைசி நாள் ஆட்டத்தில் உள்ளூர் அணி துரத்திக்கொண்டிருந்தது. தலைவியே நிலைத்து நின்று வெளுத்து வாங்கினாள். அதற்குள் எதிரணியில் ஒருத்திக்கு விரல் பெயர்ந்தது. அவர்களிடம் இருந்த ஒரே மாற்று ஆள் வந்து நின்றாள். தேநீர் இடைவேளைக்குப் பிறகு இன்னொருத்தி கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். ஆள் இல்லை. எதிரணித் தலைவி நடுவரிடம் போய்ப் பேசினாள். நடுவர், மட்டையோடு நின்ற உள்ளூர் தலைவியைக் கூப்பிட்டார்.

“உங்க மாற்று ஆளை இரவல் கேக்குறாங்க. நேத்து ரன் அவுட் பண்ணினவங்க. உங்களுக்குச் சம்மதமா?”

உள்ளூர் தலைவி சிரித்தாள். “தாராளமா,” என்றாள். கோபம் இருந்தாலும் அக்கா நம்ம ஆள்தானே என்ற சிரிப்பு அது. அவளுடைய கிளப் நாட்களில் இரவல் போனவர்களுக்கெல்லாம் கண் கூசியிருக்கிறது. அவள் வேறு எப்படி நினைப்பாள்?

மூட்டை எதிரணியின் தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டு எல்லைக் கோட்டருகே நின்றாள். கூட்டத்தில் யாரோ சீட்டியடித்தார்கள். ஓவர் மாறி அவள் இடம் மாறும்போது உள்ளூர் தலைவி அருகில் வந்து, உதடு அசையாமல் சொன்னாள்.

“அக்கா, இன்னும் கொஞ்சம் ரன்தான். ஜெயிச்சிட்டா காலைல நடந்ததை மேலாளர் மறந்துடுவாரு. அந்த வேலைக்கு நான் பேசறேன்.”

“நீ ஆட்டத்தைப் பாரு,” என்றாள் மூட்டை.

அடுத்த ஓவரில் தலைவி ஓங்கி அடித்தாள். பந்து வானத்தில் ஏறி, திரும்பி, மூட்டையைத் தேடிக்கொண்டே வந்தது. வெயில் நேர் எதிரே. கண் கூசிற்று, உண்மையாகவே கூசிற்று. விட்டிருந்தால் ஒரு ஈ காக்கைகூட அவளைக் குற்றம் சொல்லியிருக்காது. வேலை கிடைத்திருக்கும். அவள் பந்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பின்னால் ஓடி, விழுந்து, பிடித்தாள்.

தலைவி அவளைக் கடந்து போகும்போது, “அக்கா, நீங்களா?” என்றாள். மூட்டை பந்தைப் பந்து வீச்சாளரிடம் எறிந்தாள். பலகையில் அவள் பெயர்கூட வரவில்லை, ‘மாற்று ஆள்’ என்றுதான் போட்டார்கள். மற்றவர்கள் சரசரவென்று விழ, உள்ளூர் அணி தோற்றது. எதிரணித் தலைவி வந்து கை கொடுத்தாள். தொப்பியை வைத்துக்கொள்ளச் சொன்னாள். “என் பக்கம் மாறிட்டேன்னு நினைக்காதீங்க,” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு மூட்டை வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் தெருமுனைக் கடையில் பால் வாங்கப் போனபோது நான்கு பேர் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். சொந்த ஆளையே கவிழ்த்துவிட்டாள் என்றார்கள். எவ்வளவு வாங்கினாள் என்று ஒருவன் நாக்கில் நரம்பில்லாமல் கேட்டான். அவள் வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து நாத்தனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் பால் பாத்திரம். அந்த மூன்று மாதத்து மௌனத்துக்குப் பிறகு, அந்தப் பழைய கேட்சைப் பற்றி முதல்முறையாக அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

“எவன்டா அது, எவ்வளவு வாங்கினான்னு கேட்டது? புகுந்த வீட்டுக்கு வந்த மறு மாசமே சொந்த நாத்தனாரைக் கேட்ச் பிடிச்சவ இவ. அன்னைக்கு என்ன வாங்கினான்னு என்கிட்ட கேளு, சொல்றேன். மூணு மாசம் என்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டா. என்னையே விடல, உங்க கேப்டனை விடுவாளா?”

பிறகு மூட்டையின் பக்கம் திரும்பி, “பாலை வாங்கு, வேலைக்கு நேரமாகுது,” என்றாள்.