ஒரு கை முந்திரி

மரிய புஷ்பத்துக்கு எடை அட்டையில் தெரிந்ததெல்லாம் அடிக்கோடு ஒன்றுதான். ஜெயங்கொண்டத்தைச் சுற்றிய முந்திரிக்காட்டு ஊர்கள் ஐந்துக்கு அவர்தான் சுகாதார நர்ஸ். ஒரு பிள்ளையின் எடைப் புள்ளி அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கினால், மறுநாளே அந்த வீட்டு வாசலில் குடையோடு நிற்பார். தேறிய பிள்ளையைத் தராசுப் பக்கம் கூப்பிடவே மாட்டார். அட்டையில் மேல்கோடு ஒன்றும் இருந்தது. கஞ்சிக்கே அல்லாடுகிற ஊரில் அதற்கு என்ன வேலை?

1984 பங்குனியில் ஊரில் ஒரு பிள்ளை விடாமல் நிறுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. வேப்பங்கிளையில் தராசைத் தொங்கவிட்டு, வீராயியின் மகன் சின்னதுரையை உட்கார வைத்தார். நாலு வயது. முள் இருபத்துநாலில் போய் நின்றது. தராசு கெட்டுவிட்டதோ என்று வேறொரு பிள்ளையை வைத்துப் பார்த்தார். தராசு சரியாகத்தான் இருந்தது. புள்ளி வைக்க அட்டையில் இடமில்லை. மேல்கோட்டைத் தாண்டி ஓரத்து வெள்ளையில் வைத்தார்.

"கண்ணு பட்டுடும், தூக்கிட்டுப் போடி" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. மரிய புஷ்பமும் சிரித்திருப்பார். ஆனால் சின்னதுரை பத்தடி நடந்ததும் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான்.

டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் சோதித்துப் பார்த்து, நோய் ஒன்றுமில்லை என்றார். "இளைச்ச புள்ளைங்களப் பாக்கவே எனக்கு நேரமில்ல. இதுக்கு என்ன செய்யிறதுன்னு நீங்களே கண்டுபிடிச்சுச் சொல்லுங்க சிஸ்டர்." பயிற்சிப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லை. அப்படியானால் விஷயம் அந்த வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் மரிய புஷ்பத்துக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் விடிந்ததும் போய் வீராயி வீட்டில் உட்கார்ந்துவிட்டார். வீராயிக்கு முந்திரி உடைக்கிற வேலை. மகன் காலையில் கஞ்சி குடித்ததும் ஒரு கை உடைந்த முந்திரியும் வெல்லமும் கொடுத்தாள். மத்தியானம் சோற்றுக்குப் பிறகு இன்னொரு கை. சாயங்காலமும் அப்படியே.

"இது எதுக்கு வீராயி?"

"நீங்க சொன்னதுதானுங்க நர்சம்மா."

பெட்டியிலிருந்து ஒரு பழுப்புத் தாளை எடுத்து நீட்டினாள். 'முந்திரி ஒரு கை, வெல்லம், மூன்று வேளை.' மரிய புஷ்பத்தின் கையெழுத்தேதான். வீராயியின் தலைப்பிள்ளை இளைத்து இளைத்தே செத்துப்போயிற்று. அடுத்துப் பிறந்த சின்னதுரையும் பதினோரு மாதத்தில் அதே வழியில் போகப் பார்த்தபோது எழுதிக் கொடுத்தது. பிள்ளை தேறினான், நர்சம்மா அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போய்விட்டார். நிறுத்தச் சொல்ல யாருமில்லை. மூன்று வருஷமாக வீராயி ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.

மரிய புஷ்பத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. "தப்பு என்னோடது வீராயி. முந்திரி, வெல்லத்த நிறுத்திடு. கஞ்சியும் சோறும் கீரையும் போதும். தெருவுல ஓடி ஆடட்டும்."

"நிறுத்தி, இவனும் போயிட்டான்னா?"

மரிய புஷ்பம் வாசல் நிலைக்காலில் சின்னதுரையை நிறுத்தி, தலைக்கு நேரே கரியால் கோடு போட்டார். "வாராவாரம் வரேன். உசரமும் பாப்போம், எடையும் பாப்போம். ஒரு கிலோ எறங்கினாலும் நீ திரும்பக் குடு. நான் தடுக்க மாட்டேன்."

சொன்னபடி வந்தார். தராசைக் கட்டும்போதெல்லாம் வீராயி முந்தானையில் எதையோ முடிந்து இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். முள் இருபத்துநாலிலேயே நின்றது, ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கரிக்கோடு மட்டும் மேலே போயிற்று. எடை இறங்க வேண்டியதில்லை, உயரம் எட்டிப் பிடித்தால் போதும் என்பதை மரிய புஷ்பம் அந்த நிலைக்காலில்தான் படித்தார்.

தை பிறந்தபோது கோடு மூன்று விரற்கடை ஏறியிருந்தது. அன்றைக்குத் தராசிலிருந்து இறங்கிய சின்னதுரை ஓர் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் ஓடினான். நடுவில் எங்கும் உட்காரவில்லை.

வீராயி அவன் திரும்பி வரும்வரை பார்த்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கை முந்திரி. முள் இறங்கினால் அங்கேயே ஊட்டிவிட ஒவ்வொரு வாரமும் கொண்டு வந்தது.

அதை மரிய புஷ்பத்தின் கையில் கொட்டினாள். "நீங்க தின்னுங்க நர்சம்மா. வெயில்ல அலைஞ்சு இளைச்சுப் போயிட்டீங்க."