மரத்த கையில் ஏற்றிய கரண்ட்

ஊர் ஊராகச் சுற்றிப் பல வேலை பார்த்தவன் நான். இப்போது வடபழனியில் பரோட்டா போடுகிறேன். மாவு பிசைந்து பிசைந்து வலது மணிக்கட்டில் நரம்பு அழுந்தி, விரல்கள் மரத்துவிட்டன. மேற்கு மாம்பலத்தில் பிசியோதெரபி செய்யும் ஒரு அம்மா, என் கையில் கரண்ட் பட்டைகளை ஒட்டி, மெஷினில் கரண்டை அளவாக வைத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போனார். எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. நானே மெஷினின் குமிழைத் திருகிக் கரண்டைக் கூட்டினேன். விரல்கள் தானாக மடங்கின, வலி மட்டும் இல்லை.

திரும்பி வந்தவர் சட்டென்று மெஷினை அணைத்தார். பட்டைக்கு அடியில் தோல் சிவந்திருந்தது.

“என்னண்ணே, அடுப்புன்னு நெனச்சீங்களா?”

“ஒண்ணும் தெர்லம்மா, அதான் ஏத்திட்டேன்.”

“தெரியாததுதான் உங்க வியாதியே. புண்ணாயிருந்தா அப்புறம் எப்படி மாவு பிசைவீங்க?”

நல்லவேளை, கொப்புளம் கிளம்பவில்லை. இப்போதெல்லாம் அந்தக் குமிழைத் தொடுவதில்லை. கடையிலும் கல் காய்ந்ததா என்று இடது கையை நீட்டித்தான் பார்க்கிறேன்.