ஐம்பது பவுண்டு காற்று

என்னிடம் உள்ள கடிதம் 1964 ஆகஸ்டு 11ஆம் தேதி சென்னையில் எழுதப்பட்டது. எழுதியவர் என் மனைவியின் தம்பி. மின்கேபிள்களை இணைக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். "அத்தான் அவர்களுக்கு, தனிப் பார்சலில் இரண்டு டப்பா அனுப்பியிருக்கிறேன். பெரியது ரெசின், சின்னது ஹார்ட்னர். எடையில் பத்துக்கு ஒன்று. கலந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் ஊற்றிவிட வேண்டும். ஒரு முழு நாள் அசைக்காமல் வைத்தால் கண்ணாடி மாதிரி இறுகும். குமிழி வராமல் எப்படி ஊற்றுவது என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் வேலையில் குமிழி வெளியே தெரியாது, அதனால் நாங்கள் கவலைப்படுவதில்லை. அக்கா கையில் மட்டும் பட விடாதீர்கள்" என்பது அதன் முக்கியமான பகுதி. நான் தபால் நிலையத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். கடிதத்தோடு உறையையும் சேர்த்து வைப்பது என் வழக்கம். உறையில் உள்ள முத்திரைப்படி அது எங்களுக்கு வந்து சேர்ந்தது 13ஆம் தேதி.

அக்கா கையில் பட விடாதே என்று தம்பி எழுதியதற்குக் காரணம் உண்டு. என் மனைவி தென்காசியில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் உயிரியல் நடத்தினாள். தேள், பூரான், தவளை எல்லாம் ஃபார்மலின் பாட்டில்களில் கிடக்கும். அவற்றை எடுத்துக் கழுவித் தட்டில் வைத்து, பாடம் முடிந்ததும் திரும்பப் போடுவது அவள் வேலை. எட்டு வருஷம் செய்தாள். 1963 கடைசியில் விரல் நுனியெல்லாம் வெடித்தது. அடுத்த வருஷம் இருமல் தொடங்கியது. பாட்டிலைத் திறந்தாலே கண் சிவந்து மூச்சு இழுக்கும். இனி ஃபார்மலின் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தலைமையாசிரியை நல்ல மனசுக்காரர். அவளைக் கூப்பிட்டு, "உங்க ஒடம்புதான் முக்கியம் டீச்சர். நவம்பர்ல இன்ஸ்பெக்ஷன் முடியட்டும். அப்புறம் பயாலஜிய வேற ஆளுக்குக் குடுத்துட்டு உங்களுக்குத் தையல் கிளாஸ் தாரேன்" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவள் சொன்னது என் நோட்டில் இருக்கிறது: "தவளை இதயத்துக்கு எத்தன அறைன்னு சொல்லுத வாயால இனிமே காஜா எடுங்கட்டின்னு சொல்லணுமாக்கும்."

பாட்டில் இல்லாமலே பாடம் நடத்த முடிந்தால் பாடம் அவளிடம் இருக்கும், இல்லாவிட்டால் போய்விடும். எங்களுக்கு இருந்தது மூன்று மாதத்துக்குக் குறைவான காலம்.

உயிரினத்தை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் காயவைத்து, தெளிவான பிசினுக்குள் பதித்துவிட்டால் வாசனை இல்லை, கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம் என்று ஏதோ ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். ஊறவைப்பதும் காயவைப்பதும் அவள் பொறுப்பு. ஸ்பிரிட் அவளை ஒன்றும் செய்யவில்லை. தம்பி அனுப்பிய ரெசின்தான் பிசின், அது என் பொறுப்பு.

அப்போது நாங்கள் குற்றாலத்தில் குடியிருந்தோம். ஆகஸ்டில் அங்கே துவைத்த வேட்டி மூன்று நாள் கொடியில் தொங்கும். முதல் கட்டியை அந்தச் சாரலில்தான் ஊற்றினேன். மேலே வெள்ளையாக ஏடு படிந்து, தொட்டால் ஒட்டியது. இரண்டாவதைக் கரி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து இறுகச் செய்தேன். ஏடு படியவில்லை. ஆனால் உள்ளே இருந்த பொன்வண்டைச் சுற்றி நூற்றுக்கணக்கில் குமிழிகள்.

அவள் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். "என்னங்க இது, வண்டு கோலி சோடாவுக்குள்ள விழுந்து செத்த மாதிரில்லா இருக்கு?"

ஏழு தடவை செய்து பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் எடை, நேரம், வானிலை எல்லாம் எழுதிவைத்தேன். டப்பாவை வெந்நீரில் வைத்து இளக்கினேன். கலக்குவதை மெதுவாக்கினேன். ஊசியால் ஒவ்வொரு குமிழியாகக் குத்தினேன். மேலே இருப்பது உடையும். வண்டின் இறக்கைக்கு அடியிலிருந்து புதிதாக ஒன்று கிளம்பும். அதற்குள் பிசின் இறுகிவிடும்.

குமிழியை வெளியேற்ற முடியாவிட்டால் நசுக்கலாம் என்பது பிறகுதான் புரிந்தது. ஊற்றிய அச்சை இரும்புப் பாத்திரத்தில் வைத்து மூடி, காற்றை அடைத்து அழுத்தினால் குமிழி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கும். அழுத்தத்தைக் குறைக்காமல் வைத்திருந்து அப்படியே இறுக விட வேண்டும். இறுகுவதற்கு முன்பே காற்றை விட்டால் அத்தனையும் திரும்ப ஊதிக்கொண்டு வந்துவிடும்.

எங்கள் வீட்டில் பிரஷர் குக்கர் ஒன்று புதிதாக வந்திருந்தது. வெயிட் உட்காரும் இடத்தில் சைக்கிள் டியூப் வால்வைச் செருகி, பம்பால் அடித்தேன். இருபது அடி அடிப்பதற்குள் மூடியோரம் சீறிக் காற்று முழுவதும் போய்விட்டது. அவள் வாசலில் நின்று பார்த்தாள். "பஞ்சர் ஒட்டி முடிச்சாச்சுன்னா குடுங்க, பருப்பு வைக்கணும்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேண்டாம், அத நீங்களே வச்சுக்கிடுங்க" என்றும் சொன்னாள். அந்தக் குக்கரில் அவள் பிறகு சமைக்கவே இல்லை.

தென்காசியில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பெயிண்ட் அடிக்கும் பட்டறை ஒன்று இருந்தது. அதன் சொந்தக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மணியார்டர் அனுப்ப வாராவாரம் என் ஜன்னலுக்கு வருவார். செப்டம்பரில் ஒருநாள் நான் அவர் பட்டறைக்குப் போனேன்.

"என்ன சார்வாள், சைக்கிளுக்குப் பெயிண்ட் அடிக்கணுமா?"

"இல்ல அண்ணாச்சி, ஒரு தேள பாடம் பண்ணணும்."

அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "தேளையா? சார்வாளுக்கு வீட்ல எதுவும் சண்டையா?"

விஷயத்தைச் சொன்னதும் நேராக ஒரு மூலைக்குக் கூட்டிப் போனார். முழங்கால் உயரத்துக்கு ஒரு இரும்புத் தொட்டி. மூடியைச் சுற்றி ஆறு திருகுகள், மேலே அழுத்தம் காட்டும் கேஜ். உள்ளே பெயிண்டை வைத்து கம்ப்ரஸர் காற்றால் அழுத்தி, பெயிண்ட் தெளிக்கும் துப்பாக்கிக்கு அனுப்பும் டேங்க் அது.

"அறுவது பவுண்டு வரைக்கும் தாங்கும். ஒம்ம தேளு தாங்குமா?"

"தாங்கும். ஆனா ஒரு நாள் பூரா காத்து அப்படியே நிக்கணும்."

"ஒரு நாளா! இது சும்மா இருக்கது வருசத்துல ஒரே நாள்தான் வே, ஆயுத பூசைக்கு. அன்னிக்கு எந்தச் சாமானையும் தொட மாட்டோம். வேணும்னா முந்தின நாளு சாயந்தரம் உள்ள வச்சுட்டுப் போரும்."

இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குக் கிடைத்திருக்காது. அக்டோபர் நடுவில் பூஜை. சாரலும் நின்றிருந்தது. பூஜைக்கு முந்தின நாள் மாலை நாலு மணிக்கு மூன்று அச்சு ஊற்றினேன். குச்சிப்பூச்சி, பூரான், கருந்தேள். கருந்தேள் ஐந்தருவி வழியில் ஒரு கல்லைப் புரட்டி என் மனைவியே பிடித்தது. டேங்கை மூடித் திருகி, கேஜ் முள் ஐம்பதில் நின்றதைப் பார்த்துவிட்டு, "நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் இத யாரும் திறக்கக் கூடாது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை பொரிகடலைக்கு எங்கள் இருவரையும் அழைத்திருந்தார். பட்டறை முழுக்கக் கழுவி, ஸ்பேனர் முதல் கம்ப்ரஸர் வரை வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டிருந்தது. நடுவில் எங்கள் டேங்க், மாலையோடு. கேஜ் கண்ணாடியில் பெரிய சந்தனப் பொட்டு. அதை விரலால் மெல்ல விலக்கிப் பார்த்தேன். முள் பூஜ்யத்தில் கிடந்தது.

"அண்ணாச்சி, காத்து?"

"அத நேத்து வெளக்கு வைக்கும்போதே விட்டாச்சே. மூடியத் தொடல, சத்தியமா தொடல."

"ஏன் விட்டிய?"

"பின்ன? கம்ப்ரஸர், டியூபு எல்லாத்துக்கும் விடுவோம். பூசை அன்னிக்கு இதுகளுக்கும் ஓய்வு வேண்டாமா? மூச்ச அடக்கிக்கிட்டா சாமி கும்பிடுவாக?"

அவர் பட்டறையில் அப்படி ஒரு வழக்கம் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பூஜையன்று அங்கே நிற்கும் லாரி டயரில்கூட முழுக் காற்று வைக்க மாட்டார்கள். ஏழு சோதனைகளை நுணுக்கமாக எழுதிவைத்த நான், மூடி முக்கியமில்லை, காற்றுதான் முக்கியம் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தவறு என்னுடையது என்று அன்றைய பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

மூடியைத் திறந்தோம். பாதி இறுகிய பிசினுக்குள் குமிழிகள் முன்னைவிடப் பெரிதாக ஊதி நின்றன. என் மனைவி தேள் இருந்த கட்டியைப் பார்த்தாள். "பூசைக்குன்னு முத்து மாலை போட்டுட்டு வந்துருக்கு" என்றாள். பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பி நின்றாள்.

அண்ணாச்சிக்கு அப்போதுதான் முழுக்க விளங்கியது. முகம் கறுத்துவிட்டது. "சரஸ்வதி பூசை அன்னிக்குப் பள்ளிக்கூடத்துச் சாமானக் கெடுத்துட்டேனே. இன்னும் மருந்து இருக்கா?"

"ஒரு தடவைக்கு இருக்கு."

"அப்ப நாளைக்கே வையும். நாளைக்கு விஜயதசமி. எழுத்து ஆரம்பிக்கத நாளு. மொத வேல இதுதான்."

"நாளைக்கு லாரி இருக்குன்னு சொன்னியளே?"

"லாரி நிக்கும்."

மிச்சமிருந்த பிசினை அன்று மாலை எடை போட்டேன். சின்னதாக நாலு கட்டி வரும், அல்லது பெரிதாக ஒன்று. நாலாகப் போடலாம் என்றேன். என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. பீரோ மேலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை இறக்கினாள். தவளையின் முழு எலும்புக்கூடு. ஒரு மாதம் உட்கார்ந்து எலும்பெலும்பாகச் சுத்தம் செய்து, குதிக்கப் போகிற மாதிரி ஒட்டி வைத்திருந்தாள்.

"வண்டு பூச்சியெல்லாம் தாள்ல ஒட்டிக் காட்டிருவேன். இத ஒரு பிள்ள கையில குடுத்தா அடுத்த பிள்ளைக்குப் போறதுக்குள்ள ஒடிஞ்சிரும். இதுதான் உள்ள போகணும்."

"சரியா வரலன்னா?"

"வரலன்னா ஊசியில நூல் கோக்கப் படிச்சுக்கிடுதேன்."

விஜயதசமியன்று காலை ஒன்பது மணிக்கு ஊற்றினேன். அண்ணாச்சி டேங்குக்குப் புதிதாகச் சந்தனம் இட்டார். திருகு ஒவ்வொன்றையும் தானே முறுக்கினார். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் நுரை கிளம்பியது. அங்கே வாஷருக்கு கிரீஸ் வைத்து மறுபடி இறுக்கினார். முள் ஐம்பதுக்கு வந்ததும் பிரஷை எடுத்து மூடி மேல் வெள்ளைப் பெயிண்டில் எழுதினார்: "காற்று விடக் கூடாது. பள்ளிக்கூடம்."

பத்து மணிக்கு லாரிக்காரர் வந்தார். வடகரையில் தேங்காய் வியாபாரம் செய்பவர். வண்டியைப் பாதி பெயிண்டோடு பார்த்ததும் சத்தம் போட்டார்.

"என்னவே, இன்னைக்கு முடிச்சுத் தாரேன்னு சொன்னீரு! டேங்கு அங்கன சும்மாதான இருக்கு?"

"சும்மா இல்ல முதலாளி. உள்ள தவள இருக்கு."

"தவளையா?"

"டீச்சரம்மா தவள. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் அது எந்திரிக்காது. காப்பி குடிக்குதியளா?"

வியாபாரி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். காப்பி குடித்தார். போகவும் செய்தார். ஆனால் மறுநாள் மத்தியானம் நாங்கள் போவதற்கு முன்பே வந்து, டேங்குக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். லாரியைப் பற்றி அவர் பேசவே இல்லை.

முள் நாற்பத்தெட்டில் இருந்தது. நான் வால்வை மயிரிழை அளவு திறந்தேன். காற்று முழுவதும் போக ஏழு நிமிஷம் ஆயிற்று. அண்ணாச்சி திருகுகளைக் கழற்றினார். என் மனைவி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பழக்க தோஷம்.

அச்சைப் பிரித்துக் கட்டியை எடுத்துத் துடைத்தேன். பட்டறை வாசலில் வெயில் இருந்தது. அங்கே கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்தேன். வடிகட்டிய நல்லெண்ணெய் மாதிரி லேசான மஞ்சள். அதற்குள் தவளையின் ஒவ்வொரு விரல் எலும்பும் தனித்தனியாகத் தெரிந்தது. நடுவில் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லாமல் அது அந்தரத்தில் நின்றது. நோட்டில் எழுத வேண்டுமே என்று குமிழிகளை எண்ணத் தொடங்கினேன். எண்ணுவதற்கு ஒன்றுகூட இல்லை.

"ஏ யப்பா!" என்றார் தேங்காய் வியாபாரி. "கசத்துத் தண்ணிக்குள்ள கெடக்க மாதிரில்லா கெடக்கு! தொட்டா தாவிரும் போலுக்க!"

அண்ணாச்சி இரண்டு கையாலும் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அரை மணி நேரத்தில் பட்டறைக்குள் முப்பது பேர் இருப்பார்கள். "இது யாரு செஞ்சது?" என்று ஒருவர் கேட்டதற்கு, "எங்க டேங்கு செஞ்சது" என்றார். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை.

என் மனைவி கட்டியை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் குற்றாலம் வந்தாள். வழியில் ஒரு தடவை மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தாள். "வாசனையே இல்லங்க" என்றாள். அவள் கண் சிவந்திருந்ததை அன்றைக்குப் பார்த்தேன். ஃபார்மலின் அதற்குக் காரணமில்லை.

நவம்பர் முதல் வாரத்தில் இன்ஸ்பெக்ஷன் நடந்தது. நான் உள்ளே போக முடியாது, அவள் சொல்லித்தான் தெரியும். மேஜை மேல் ஒரு பாட்டில்கூட இல்லை. கட்டி முதல் வரிசையில் தொடங்கி நாற்பது பெண்களின் கைக்கும் போனது. ஒருத்தி கீழே போட்டாள். சத்தம் கேட்டு எல்லோரும் பதறினார்கள். கட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்ஸ்பெக்டர் அம்மாள் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இது எந்த ஊர்லேர்ந்து வாங்கினது?" என்று கேட்டார். "இங்கன தென்காசியில, லாரிப் பட்டறையில" என்று இவள் சொன்னாள். அப்போது இவள் ஒரு மணி நேரமாக நின்று பேசியிருந்தாள். ஒரு தடவைகூட இருமவில்லை.

அன்று மாலை தலைமையாசிரியை வேறு எதுவும் சொல்லவில்லையாம். "தையலுக்கு வேற ஆள் பாக்கணும் டீச்சர், ஒங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டாராம். அடுத்த கோடை விடுமுறையில் மைத்துனர் மேலும் நாலு டப்பா அனுப்பினார். 1966 பொங்கலுக்குள் பள்ளியின் பாட்டில்கள் எல்லாம் போய், பதினேழு கட்டிகள் வந்துவிட்டன. ஒவ்வொரு கட்டிக்கும் அண்ணாச்சி ஒரு நாள் டேங்கைக் கொடுத்தார். உயிரியல் கடைசி வரை என் மனைவியிடமே இருந்தது.

இன்ஸ்பெக்டர் தன் அறிக்கையில், மற்றப் பள்ளிகளின் ஆசிரியைகளும் தென்காசிக்கு வந்து இதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினார் என்று தலைமையாசிரியை எங்களிடம் சொன்னதுண்டு. கடையத்திலிருந்து இரண்டு ஆசிரியைகள் வந்து பார்த்துப் போனது உண்மை. ஆனால் அந்த அறிக்கையை நான் கண்ணால் பார்க்கவில்லை. பள்ளியில் இரண்டு முறை எழுதிக் கேட்டேன், பிரதி கிடைக்கவில்லை. எனவே அப்படி ஒரு வரி எழுதப்பட்டதா என்பதை இன்று வரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.