வெளியே யார் நிற்கிறார்கள்?

செவ்வாய்க்கிழமை காலை கேன்டீனில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கோலாலம்பூர் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. ரெஜினா அக்கா காலமாகிவிட்டாராம். படிவத்தில் தம்பி என்று என் எண்ணைக் கொடுத்திருந்தாராம். வேளாங்கண்ணிக்குப் போனவர் கோலாலம்பூரில் எப்படி இறப்பார்? யாரோ உளறுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

உளறல் இல்லை. பொய் சொன்னது அக்காதான்.

நான் அவர் கூடப்பிறந்தவன் அல்லன். பினாங்கு ஜார்ஜ் டவுனில் எங்கள் மருத்துவமனையில், ரத்தக்குழாய்களைப் படம்பிடித்துச் சிகிச்சை செய்யும் ஆஞ்சியோ அறையில் அவர் தலைமைத் தாதி, நான் எக்ஸ்ரே எடுப்பவன். பதினோரு ஆண்டுகள் ஒரே அறை. வயிற்றில் அபூர்வமான கட்டி வளர்ந்தவர்கள் அங்கே வருவார்கள். அப்படியே வெட்டினால் ரத்தம் கொட்டும். அதனால் முதல் நாளே தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்கு ரத்தம் போகும் வழியை டாக்டர் அடைத்துவிடுவார். மறுநாள் அறுவை.

சேர்ந்த முதல் வாரமே அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சிம்பாங் அம்பாட்டிலிருந்து தனியாக வந்த தொழிற்சாலை ஊழியர் ஒருவரை மேசையில் படுக்கவைத்துவிட்டேன்.

"வெளிய யாரு நிக்கிறாங்கன்னு கேட்டியா தம்பி?"

"யாரும் வரலக்கா."

"அப்ப ஸ்டார்ட் பண்ண முடியாதுலா. ஒருத்தராச்சும் நிக்கணும்."

டாக்டர் முறைத்தார். அக்கா அசையவில்லை. ஊழியரின் தங்கை அரக்கப்பரக்க வந்து சேர்ந்த பிறகே கதவை மூடினார். அன்று முதல் அது எங்கள் அறையின் சட்டம்.

போன மாதம் விடுப்பு எழுதிக் கொடுத்தபோது, "மாதாவுக்கு நேர்த்திக்கடன் தம்பி, பத்து நாள்ல வந்துடுவேன்" என்றார். எனக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன், மடையன். அவர் வயிற்றிலேயே அப்படியொரு கட்டி இருந்திருக்கிறது. குடும்பம் என்று யாரும் இல்லாதவர், என்னிடமும் மறைத்துவிட்டார். ஊருக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டம். எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ரத்தத்தை அடைத்தது சரியாகவே நடந்ததாம். மறுநாள் அறுவையில் இதயம் நின்றுவிட்டது. உடலை வாங்கப் போனபோது என் பெயரைக் கேட்டதும் அங்கிருந்த தாதி நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதானா? முதல் நாள் மேசையில படுத்ததும் அவங்களாவே சொன்னாங்க, 'வெளிய என் தம்பி நிக்கிறான், ஸ்டார்ட் பண்ணுங்க'ன்னு. முடிஞ்சதும் வந்து தேடினேன், யாரையும் காணோம்."

அந்த நேரம் நான் பினாங்கில் வேறு யாரிடமோ 'வெளிய யாரு நிக்கிறாங்க?' என்று கேட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

நேற்று அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகும் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றேன். காவலாளி சாவியோடு வந்தார்.

"பூட்டணும் அண்ணே. உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

"அக்கா இருக்காங்க" என்றேன்.

நீங்கள் செய்தது துரோகம்தான், அக்கா. சொல்லியிருந்தால் அன்றைக்கே வந்து நின்றிருப்பேன். போய்வாருங்கள். இப்போது வெளியே நான்தான் நிற்கிறேன்.