இரட்டிப்புக் கிழங்கு

நேற்றுக் கைப்பேசியில் ஒரு பொடியன், மனிதனைவிட வெங்காயத்துக்குள் பல மடங்கு மரபணுச் சரக்கு இருக்கிறது, ஆகவே தினமும் பச்சை வெங்காயம் தின்னுங்கள் என்றான். முதல் பாதி உண்மைதான்; ஆனால் அந்தச் சரக்கில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப எழுதிவைத்த பழசு. இரண்டாம் பாதியைக் கேட்டதும் எனக்கு எங்கள் பேராசிரியர் ஞாபகம் வந்துவிட்டது. சரக்கு கூடினால் சத்தும் கூடும் என்று நம்பிய மகானுபாவர்.

எழுபதுகளின் கடைசியில் நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் எனக்குத் தாவரவியல் எடுத்தவர். குச்சிக்கிழங்குச் செடியின் (நீங்கள் மரவள்ளி என்பீர்கள்) குருத்தில் ஏதோ மருந்து வைத்து குரோமோசோம்களை இரட்டிப்பாக்கிவிட்டாராம். உள்ளே இரட்டிப்பு என்றால் விளைச்சலும் இரட்டிப்பு. அவ்வளவுதான் அவருடைய விஞ்ஞானம். ஒரே கல்யாணப் பத்திரிகையை இரண்டு தடவை அச்சடித்தால் இரண்டு கல்யாணம் நடக்குமா? வகுப்பில் கேட்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள். மார்க்கு அவர் கையில்.

எங்கள் காடு, அதாவது கிழங்கு போடுகிற மேட்டு நிலம், ரோட்டோரம். பஸ்ஸில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்றே பேராசிரியர் தன் புதுச்செடியை நட அதைத் தேர்ந்தெடுத்தார். "பழைய குச்சி ஒண்ணுகூட வெச்சுக்காதீங்க, கலந்துரும்" என்றார் அப்பாவிடம். குச்சியை வெட்டி நடுகிற பயிரில் எது எதோடு கலக்கும்? படித்தவர் சொல்கிறாரே என்று, தலைமுறையாக நட்டுவந்த குச்சிக் கட்டுகளை அப்பா அடுப்புக்குத் தள்ளிவிட்டார். அந்தக் கிழங்கு வேகும்போதே தெருவரை வாசம் வரும், தொட்டால் மாவாக உதிரும். அதன் குச்சியை எரித்துத்தான் அம்மா சோறாக்கினார்.

புதுச்செடியில் இலை ஒவ்வொன்றும் அத்தனை அகலம், அத்தனை தடிமன். பிடுங்கினால் விரல் பருமனுக்கு வேர். அப்பா ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"ஏனுங்க சார், கெழங்கு எங்கீங்க?"

"இலையைப் பாருங்க. எவ்வளவு பெரிய வெற்றி."

"இதை மாடுகூடத் திங்காதுங்களே."

அவர் காதில் எங்கே விழுந்தது? இலையைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டு போனார். அந்த மேதாவிலாசத்துக்குத் துறைத்தலைவர் பதவி வேறு கொடுத்தார்கள். தூ.

அடுத்த நடவுக்குப் பழைய குச்சி தேடி அப்பா ராசிபுரம், ஆத்தூர் என்று அலைந்தார். எல்லோரும் கையை விரித்தார்கள். சுற்றுவட்டாரத்துக்கே எங்கள் காட்டிலிருந்துதான் குச்சி போகும். இரட்டிப்புக் குச்சியும் எங்களிடம் கிடைக்கும் என்று நம்பி, அவர்களும் பழசை எரித்துவிட்டிருந்தார்கள்.

பிறகு ஜவ்வரிசி மில்லுக்கு ஏற்ற ரகங்கள் வந்தன. எதை வேகவைத்துக் கொடுத்தாலும் அம்மா ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்ப்பார். கடைசிவரைக்கும் அதே பேச்சுதான்.

"இது அது இல்ல சாமி."